கல்லை மறைத்து நின்ற சங்கஞ்செடி

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது, மேற்குத் தாம்பரத்தில் பள்ளிவாசல் வாசலில் மிஸ்வாக் குச்சி ஒன்று வாங்கி வந்தேன். பல் துலக்கும் குச்சி. நுனித்தோலைச் சீவி, மென்று, நாராக்கித் துலக்க வேண்டும். என் மகள் ஜமீலா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு எதைக் கண்டாலும் முதலில் மோந்து பார்க்க வேண்டும். புதுப் புத்தகம், மழைக்கோட்டு, பக்கத்து வீட்டுப் பூனை எதுவும் தப்பியதில்லை. நான் தோலைச் சீவிய உடனே குச்சியைப் பிடுங்கி மூக்கில் வைத்தாள்.

"அத்தா, கடுகு அரைச்ச வாசனை வருது!"

நானும் வாங்கி மோந்தேன். அவ்வளவுதான். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தவன் இருபது வருஷம் பின்னால் போய்விட்டேன். பெரும்பாக்கத்துப் பக்கம், கணுக்கால் அளவு சேற்றில், கையில் கடப்பாரையோடு, முழங்கை எல்லாம் முள் கீறி நிற்கிறேன். ஏனென்றால் அதே காரமான வாசனை சங்கஞ்செடியின் இலையைக் கசக்கினாலும் வரும். மிஸ்வாக் மரமும் சங்கஞ்செடியும் ஒரே குடும்பம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிவாசல் வாசலில் மரியாதையாக விற்கப்படுவது ஒன்று, எல்லோரும் வெட்டிப் போடுகிற முட்புதர் இன்னொன்று. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் எல்லாருக்குமா ஒரே மாதிரி அமைகிறது?

பிள்ளைகளே, உங்களில் யாரும் சங்கஞ்செடியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் முள்ளுச்செடி என்று நாலடி தள்ளி நடந்திருப்பீர்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன், அதிலும் அறிவியலில் சரியாகத் தேறாதவன். ஆனால் இந்த ஒரு செடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தோலில் எழுதி வைத்தது.

ஆள் உயரம் போகும் புதர். தண்டில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒவ்வொரு இலை கிளம்பும் இடத்திலும் இரண்டு முள். ஆக, ஒரு கணுவைப் பிடித்தால் நான்கு திசைக்கும் நான்கு முள். இலை தடித்து விறைப்பாக இருக்கும், அதன் நுனியும் குத்தும். எந்தப் பக்கத்தில் இருந்து கை வைத்தாலும் தயாராக ஒருத்தன் நிற்கிறான். பூ மிகச் சின்னது, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், குனிந்து தேடினால்தான் தெரியும். பழம் மட்டும் அழகு. பட்டாணி அளவில் வெள்ளையாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் விதை நிழலாகத் தெரியும். புளிப்பும் லேசான காரமுமாக இருக்கும். நாங்கள் சங்கம்பழம் என்போம்.

உப்பு நிலம் இதற்குப் பிறந்த வீடு. கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால், கழிமுகத்து ஓரம், சதுப்பின் விளிம்பு, ஏரிக்கரை, இடிந்த சுவர் என்று வேறு செடி முகம் சுளிக்கிற இடமெல்லாம் இதற்குப் போதும். மழையில் ஒரு வாரம் வேரில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டுக்கும் அசையாது.

நான் அசைந்த கதைதான் இது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தணிகாசலம் அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலி போடும் வேலை. கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுப்பது. இரண்டாயிரமாவது வருஷம் தாண்டிய புதிதில் தாம்பரத்துக்குக் கிழக்கே எங்கே பார்த்தாலும் மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் என்று வயலும் புதரும் கட்டம் கட்டமாக மாறிக்கொண்டிருந்தன. மனை வாங்கியவர்கள் வீடு கட்டுவதற்கு முன்னால் வேலி போடுவார்கள். போடாவிட்டால் அடுத்த தடவை வந்து பார்க்கும்போது மனை கொஞ்சம் மெலிந்திருக்கும்.

அண்ணனுக்கு நான் 'பாய்'. அப்போதுதான் அரும்பிய தாடி வைத்துக்கொண்டிருந்ததால் 'சின்ன பாய்' என்றும் கூப்பிடுவார்.

எஸ்தர் சிஸ்டரின் மனைக்கு வேலி போட்டதுதான் நான் முதன்முதலாகத் தனியாக நின்று முடித்த வேலை. குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸ் அவர். சிஸ்டர் என்றுதான் ஊரே கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டையர் ஆனதும் ஒரு சின்ன வீடு, நாலு செடி, ஜன்னலுக்கு வெளியே குருவி, இதுதான் அவர் திட்டம். அதற்காகப் பெரும்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், சதுப்பை ஒட்டிய லே-அவுட்டில் கடைசி மனையை வாங்கியிருந்தார். அவருக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

வேலை முடிந்த அன்று சிஸ்டர் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நல்லா நிக்குமா தம்பி?" என்று கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அஞ்சு வருஷத்துக்கு ஆடாது சிஸ்டர், என் பொறுப்பு" என்றேன்.

இருபத்திரண்டு வயதில் ஐந்து வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த மனையின் வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய சங்கம்புதர் நின்றது. முறைப்படி அதை வெட்டிவிட்டு மூலைக்கால் நட்டிருக்க வேண்டும். முள்ளைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். கம்பியை அந்தப் புதரின் கிளையிலேயே வளைத்து மாட்டிவிட்டு மூன்று மூலைக்கு மட்டும் கால் நட்டேன். தணிகாசலம் அண்ணன் வந்து பார்க்கும்போது புதருக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷம் எங்கே, இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சதுப்பு நிலத்து உப்பில் கம்பி துருவேறி, தொட்டால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடையாத கம்பியைப் பழைய இரும்புக்கு யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். கல்லுக்கால்களும் பாதிக்கு மேல் காணோம். கம்பியில் மிச்சம் இருந்தது புதரில் மாட்டிய துண்டு மட்டும். அதில் கைவைக்கத் திருடனுக்கும் மனசு வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சிஸ்டர் ஆஸ்பத்திரி முடிந்து நேராகத் தணிகாசலம் அண்ணன் கடைக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, பக்கத்து மனைக்காரர் கயிறு கட்டி அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டறார். என் இடத்துக்குள்ள தோண்டற மாதிரி இருக்கு. எனக்கு அளவு தெரியாது. நீ வந்து பாக்கறியா?"

போனேன். பக்கத்து மனைக்காரர் பெயர் கோதண்டம். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம், முன்பு அங்கே நெல் போட்டவர்கள். ஆள் கலகலப்பானவர், எங்களைப் பார்த்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கயிற்றைப் பார்த்தேன். சிஸ்டரின் மனைக்குள் நாலடி வந்திருந்தது.

"கோதண்டம் அண்ணா, இங்க நான்தான் கால் நட்டேன். எல்லை அங்க இருக்கு."

"எங்க பாய் கீது உன் காலு? காட்டு."

"இந்தப் பக்கத்துக் காலெல்லாம் திருடிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப லே-அவுட்காரன் நட்ட கல்லு?"

அதுவும் இல்லை. மூன்று மூலையிலும் பெயர்த்த குழி மட்டும் இருந்தது, அதிலும் தவளை.

கோதண்டம் சிரித்தார். "காலும் இல்ல, கல்லும் இல்ல, கம்பியும் இல்ல. இன்னாத்த வெச்சி நீ பேசினுகீறே? சிஸ்டர், நீங்க பெரிய மனசு பண்ணுங்க. நாலடிதான? நாலடில நீங்க இன்னா விமானமா ஓட்டப் போறீங்க?"

சிஸ்டர் கையில் இருந்த இளநீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த இளநீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நாலடி போனால் நாளைக்குப் பின்பக்கம் நாலடி போகும். ஆள் இல்லாத மனை இப்படித்தான் கரையும். அதற்கு வழி திறந்து வைத்தவன் நான்.

சர்வேயரை அழைத்து வந்தோம். அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"லே-அவுட் கல்லு எதுவும் இல்லையேம்மா. இந்த மனையோட வடகிழக்கு மூலையில ஒரு பழைய சர்வே கல்லு இருக்கணும்னு படத்துல இருக்கு. லே-அவுட்டுக்கு எல்லாம் முன்னாடி நட்டது. அது ஒண்ணு கிடைச்சாப் போதும், அதுல இருந்து அளந்து மிச்ச மூணு மூலையும் சொல்லிடலாம். கிடைக்காட்டி தூரத்துல இருந்து அளந்து வரணும். அவர் ஒத்துக்க மாட்டார், கேஸு கீஸுன்னு இழுக்கும். கல்லு இருந்தாத் தேடி வைங்க. அடுத்த வாரம் வரேன்."

"அந்தக் கல்லு எங்க தாத்தா காலத்துலயே பூடுச்சி சார்" என்றார் கோதண்டம். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

வழியில் சிஸ்டரிடம், "அடுத்த வாரத்துக்குள்ள கல்லைக் காட்டறேன் சிஸ்டர்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மறுநாளில் இருந்து கடப்பாரையோடு போனேன். தணிகாசலம் அண்ணன் வேலைக்குக் கூப்பிட்டார், ஒரு வாரம் வர மாட்டேன் என்றேன்.

"இன்னாடா, கல்லு தேடப் போறியா? இன்னா பாய், வேலிக்காரன் போட்ட வேலி பூடுச்சின்னா மறுபடி வேலி போடுவான். நீ இன்னாடான்னா புதையல் எடுக்கப் போறே!" பேசிக்கொண்டே அவருடைய நல்ல கடப்பாரையை எடுத்து என் சைக்கிளில் கட்டினார். "என்துதான் கூரு. உன்தப் பாத்தா மண்ணு கூட சிரிக்கும்."

மூலை என்று நான் நினைத்த இடத்தில் இரண்டு நாள் தோண்டினேன். உப்புப்பூத்த களிமண். ஒரு பழைய செருப்பும் நண்டு வளையும் கிடைத்தன. கோதண்டம் தன் வேலையாட்களுக்கு டீ வாங்கும்போது எனக்கும் ஒன்று அனுப்புவார். "கல்லு வந்திச்சா பாய்? இல்ல எண்ணெய் கீது வந்திச்சா? வந்தா பாதி எனக்கு!" டீ நன்றாக இருக்கும். அதுதான் பேஜார். டீயும் வாங்கிக் குடித்துக்கொண்டு ஒருத்தரிடம் எப்படிக் கோபமாக இருப்பது?

மூன்றாம் நாள் மத்தியானம் மனையின் மறுகோடியில் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருட்டுக்குத் தப்பிய கல்லுக்கால் ஒன்று எதிரே சாய்ந்து நின்றது. அதன் உச்சியில் ஒரு கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. வாலுக்கு அடியில் சிவப்பாக இருக்குமே, அந்தக் குருவி. அலகைக் கல்லில் துடைத்தது, அங்கேயே எச்சம் போட்டது, போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் அதே உச்சி, அதே வேலை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோதுதான் பார்த்தேன். அந்தக் கல்லுக்காலுக்கு அடியில் விரல் உயரத்துக்கு ஏழெட்டு சங்கங்கன்று. முள்கூட இன்னும் முற்றவில்லை. சுற்றிலும் வெறும் மண். இன்னொரு கால் மிச்சம் இருந்தது, ஓடிப் போய் அதன் அடியிலும் பார்த்தேன். மூன்று கன்று. குருவி பழத்தைத் தின்றுவிட்டு உயரமான இடம் பார்த்து உட்காருகிறது, உட்கார்ந்த இடத்தில் விதையைப் போடுகிறது. சங்கஞ்செடி தானாக நடந்து போய் ஒரு இடத்தில் நிற்பதில்லை. குருவி உட்கார ஒன்று இருந்தால்தான் அங்கே செடி.

அப்படியே திரும்பி மூலையில் நின்ற பெரிய புதரைப் பார்த்தேன். சுற்றிலும் திறந்த வெளி. பக்கத்தில் மரம் இல்லை, கால் இல்லை, சுவர் இல்லை. இவ்வளவு பெரிய புதர் ஒரு காலத்தில் விதையாக விழுந்ததென்றால், அன்றைக்கு அந்தக் குருவி எதன் மேல் உட்கார்ந்திருந்தது?

இரண்டு நாளாக நான் தோண்டியது புதருக்கு ஐந்தடி தள்ளி. மறுபடியும் முள்ளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்!

சிஸ்டருக்கு போன் செய்தேன். மறுநாள் அவருக்கு விடுமுறை, காலையிலேயே ஒரு பாட்டில் டிங்சரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அரிவாளை எடுத்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"வெட்டித்தான் ஆகணுமா? குருவி இருக்குமே."

"சிஸ்டர், இதுல ஒரு பழம்கூட வந்து நான் பாத்ததில்ல. ஏரிக்கரைப் புதர்ல எல்லாம் வெள்ளை வெள்ளையாக் காய்க்குது. இது மலட்டுச் செடி."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மலடுன்னு சொல்லாத தம்பி. இருபது வருஷமா வார்டுல அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாப் போயிருக்கு. பொம்பளையையும் சொல்ல வேணாம், செடியையும் சொல்ல வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெட்டினேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு பேச்சாகத்தான் பட்டது.

காலையில் இருந்து மூன்று மணி வரை வெட்டினேன். கணுவுக்கு நான்கு முள் என்று மேலே எழுதினேன் அல்லவா, அன்றைக்குத்தான் எண்ணினேன். கையில் கோணி சுற்றிக்கொண்டும் பயன் இல்லை. சிஸ்டர் ஒவ்வொரு கீறலாக டிங்சர் வைத்தார், நான் ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். வேர் தடித்துப் பாம்பு மாதிரிப் பின்னிக் கிடந்தது. கடப்பாரையை விட்டு நெம்பியபோது டங் என்று ஒரு சத்தம். வேர்களுக்கு நடுவே, கூட்டில் இருக்கும் முட்டை மாதிரி, அரையடி தலை காட்டிக்கொண்டு அந்தக் கல். மேலே அம்புக்குறி மாதிரி ஒரு கோடு செதுக்கியிருந்தது.

கோதண்டமே குழியைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். குனிந்து, மண்ணை ஊதி, கோட்டைத் தடவினார். "அடப் பாவி பாய்" என்றார். "எங்க தாத்தா இத்த எங்கெங்கயோ தேடினாரு."

சர்வேயர் வந்து அந்தக் கல்லில் இருந்து அளந்தார். நாலடி இல்லை, நாலே கால் அடி. கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு, "கல்லு சொல்றப்ப நாம இன்னா சொல்றது" என்று கயிற்றைத் தானே அவிழ்த்தார்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மனைக்கு இனி இரும்பு வேண்டாம். உப்பு தின்னாததும், திருடன் எடுக்காததும், பெயர்த்தால் கையைக் கிழிப்பதும் எதுவோ அதையே வேலியாக வைப்பேன்.

"வேலிக்காரன் முள்ளுச்செடி நட ஆரம்பிச்சான்னா நம்ம பொழப்பு இன்னாவாறது?" என்று தணிகாசலம் அண்ணன் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை என் நேரம், அண்ணா என்றேன்.

முதல் தடவை கிளைகளை வெட்டி நட்டேன். நூறு குச்சியும் காய்ந்து, துடைப்பக்குச்சி மாதிரி நின்றன. வெட்கமாக இருந்தது. பிறகு வேரில் இருந்து கிளம்பும் கன்றுகளை மண்ணோடு தோண்டி, ஐப்பசி மழையில் நட்டேன். பிழைத்துக்கொண்டன. கன்று எடுக்க ஏரிக்கரைக்குப் போகும்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வேலிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: புதுக் கம்பி இழுத்தால், மாடோ மனிதரோ மோதிவிடக் கூடாது என்று அங்கங்கே கலர்த்துணி கட்டுவோம். அதே மாதிரி, பழம் காய்த்த புதர்களில் மட்டும் சிவப்புத் துணி கட்டி வைத்தேன். மழை வந்ததும் சிவப்புத் துணி கட்டிய செடிகளின் கன்றை மட்டுமே எடுத்தேன். சிஸ்டருக்குக் குருவி வேண்டுமே! காய்க்காத செடி எதற்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

மூன்று வருஷத்தில் வேலி இடுப்பளவு, ஐந்தாம் வருஷம் தோளளவு. நான் முதலில் சொன்ன ஐந்து வருஷம் கொஞ்சம் தாமதமாக நிறைவேறியது. சிஸ்டர் ரிட்டையர் ஆகி வீடு கட்டிக் குடிவந்த வருஷம் வேலி முழுக்க வெள்ளைப் பழம். காலையில் கொண்டைக்குருவிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இளஞ்சிவப்பில் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் முள்ளுக்கு இடையில் முட்டையிட வரும், பெயர் இன்றுவரை தெரியாது. கோதண்டமே வந்து நாலு பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, "என் நாலடில காய்ச்சது, அதான் இனிக்கிது" என்பார்.

பிறகு ஒரு வருஷம் பழம் குறைந்தது. அடுத்த வருஷம் இன்னும் குறைந்தது. அப்புறம் அறவே இல்லை. வேலி பச்சையாக இருக்கிறது, பூ பூக்கிறது, பூ காய்ந்து உதிர்கிறது. எரு வைத்தேன். தண்ணீர் விட்டேன், விடாமலும் பார்த்தேன். குருவி வருவது நின்றுபோயிற்று. வண்ணத்துப்பூச்சியும் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டாதவர்களிடம் குற்றவாளியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேலேயே சொன்னேன்.

காரணம் போன வருஷம்தான் தெரிந்தது, அதுவும் ஜமீலாவால். சிஸ்டர் வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் ஒன்று சரம் சரமாகப் பூத்து நின்றது. இதில் ஏன் காயே இல்லை என்று கேட்டாள்.

"அது ஆண் மரம்டா கண்ணு. காய்க்காது. ஆனா அது ஒண்ணு அக்கம்பக்கம் இருந்தாத்தான் மத்தது நல்லாக் காய்க்கும்."

"அப்ப அந்த முள்ளுச்செடி, சிஸ்டர்? அதுல ஆண் எங்க?"

கையில் இருந்த டீ டம்ளரை அப்படியே வைத்தேன். நான் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வீடு பப்பாளி. ஆண் பப்பாளி, பெண் பப்பாளி எனக்குத் தெரியாதா? தெரியும். முள்ளுச்செடிக்கும் அப்படி ஒரு வாழ்க்கை இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஜமீலாவின் பள்ளிக்கூட லென்ஸை வைத்து வேலியில் அறுபது பூவாவது பார்த்திருப்போம். எல்லாவற்றிலும் நடுவில் காயாக வேண்டிய குட்டிப் பச்சை மணி இருந்தது, மகரந்தத்தின் மஞ்சள் தூள் ஒன்றில்கூட இல்லை. அத்தனையும் பெண் செடி. நான்தான் சிவப்புத் துணி கட்டிப் பொறுக்கினேனே!

அந்த மூலைப் புதர் ஆண். சர்வே கல்லைத் தன் வேருக்குள் வைத்துக் காப்பாற்றி, யாருக்கும் காட்டாமல் நின்றது அதுதான். அதைத்தான் நான் மலடு என்று சொல்லி வேரோடு எடுத்தேன். அது போன பிறகும் சில வருஷம் வேலி காய்த்ததே, அது சுற்று மனைகளில் வேறு ஆண் புதர்கள் இருந்ததால். ஒவ்வொரு மனையாக ஜேசிபி இறங்க இறங்க, அவையும் போயின. அவற்றையும் யாரும் கணக்கில் வைக்கவில்லை, காய்க்காத முள்தானே.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேடினேன். ஏரிக்கரையில் நடைபாதை போட்டு இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கோதண்டம் டீ வாங்கி அனுப்பிய கடை இருந்த இடத்தில் பதினான்கு மாடி. சித்தாலப்பாக்கம் சாலையில் முன்பு சங்கம்புதர்கள் நின்ற வரிசையில் இப்போது டைல்ஸ் கடை, மெத்தைக் கடை, மறுபடி டைல்ஸ் கடை. வண்டலூர்க் காட்டுக்கு வெளியே ஒரு புதர் கிடைத்தது. லென்ஸ் வைத்தால் அதுவும் பெண். தணிகாசலம் அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "இன்னா பாய், மாப்பிள்ள பாக்க அலையிறியா?" என்று கேட்டிருப்பார்.

போன மார்கழியில் முட்டுக்காட்டுக்குப் பின்னால், கழி ஓரத்தில், கூரையில்லாத ஒரு பழைய சுவரின் இடுக்கில் ஒன்று நின்றது. பூத்திருந்தது. ஜமீலா லென்ஸை வைத்தாள். "அத்தா, மஞ்சத் தூள்!" என்றாள். விரல் நுனியில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். வேர்க்கன்று ஒன்றை மட்டும் மண்ணோடு எடுத்தோம். தாய்ச்செடியைத் தொடவில்லை. தாய் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அது தகப்பன். காலி பெயின்ட் வாளியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நான்கு முறை குத்துவாங்கி எழுந்து போனார்.

சிஸ்டருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மூன்று பக்கம் மதில் எழுப்பியாகிவிட்டது, வடக்குப் பக்கம் மட்டும் வேலியை எடுக்க விடவில்லை. சர்வே கல் அதே மூலையில், அதே கோட்டோடு இருக்கிறது. அதை ஒட்டிக் குழி தோண்டினேன். நாற்காலியைப் போடச் சொல்லி, கிட்டே உட்கார்ந்து இலையைத் தடவிப் பார்த்தார். முள் குத்தியது, சிரித்தார்.

"இது காய்க்குமா தம்பி?"

"இது காய்க்காது சிஸ்டர். இது இருந்தா மத்ததெல்லாம் காய்க்கும்."

தலையை ஆட்டினார். இலையை விடாமலே, "எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார்.

குழியில் மண்ணைத் தள்ளி, காலால் அழுத்திக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் வருஷம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் தண்ணீர் ஊற்ற வருவேன் என்று மட்டும் சொன்னேன்.